எடை குறைப்பு அறுவை சிகிச்சை: நம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். எடைக்காக மதுரைக்கோ சென்னைக்கோ போய் ஆபரேஷன் செய்துகொண்டவர்களும், போகலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் வருகிறார்கள். தொண்டியிலிருந்து வந்தாலும் ஏர்வாடியிலிருந்து வந்தாலும் கேள்விகள் ஒன்றுதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். அறுவை செய்வது என் வேலை இல்லை. அதற்கு முன்னும் பின்னும் வருகிற சாப்பாடு, மாத்திரை, தொடர் கவனிப்புதான் என் வேலை. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை அறுவை மருத்துவர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

அக்கா, இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷன்தானே?

இல்லை. கொழுப்பை உறிஞ்சுவது தோலுக்கு அடியில் செய்யும் அழகு சிகிச்சை. அதனால் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ குறையாது. நாம் பேசுவது இரைப்பையிலும் சிறுகுடலிலும் செய்யும் அறுவை. வயிற்றில் நாலைந்து சிறு துளை போட்டு, லேப்ராஸ்கோப்பி முறையில் செய்வார்கள்.

நான் 95 கிலோ. எனக்குச் செய்வாங்களா?

கிலோவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, உயரமும் வேண்டும். எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 95 கிலோ இருந்தால் அவருடைய பி.எம்.ஐ. 37.

இந்தியர்களுக்கு, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய் கூடவே இருந்தால் 32.5-க்கு மேல், நோய் இல்லாவிட்டால் 37.5-க்கு மேல் என்பது பல வருடங்களாக இருந்த அளவு. 2022-ல் சர்வதேச அறுவை மருத்துவர் அமைப்புகள் இதைத் தளர்த்தின. ஆசிய உடலமைப்பில் வயிற்றுக் கொழுப்பு சீக்கிரமே கெடுதல் செய்வதால், 27.5-க்கு மேலேயே யோசிக்கலாம் என்றன. அதற்காக 28 இருக்கிற எல்லோரும் கிளம்ப வேண்டியதில்லை. உணவு, நடை, மருந்து எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்த பிறகுதான் இந்தப் பேச்சு.

ஸ்லீவ், பைபாஸ், மினி பைபாஸ்னு என்னென்னமோ சொல்றாங்க. எது என்ன?

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை நீளமான குழாயாக ஸ்டேப்ளர் போட்டு மூடுவது. குடலில் கை வைப்பதில்லை. பசியைத் தூண்டும் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் பகுதியும் வெட்டியதோடு போய்விடுவதால் ஆரம்பத்தில் பசியே தெரியாது. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பக்கம் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அதன் வழியாகப் போகாது. குடலில் இரண்டு இணைப்புகள் வரும். மினி பைபாஸில் இணைப்பு ஒன்றுதான். பையை நீளமாக விட்டு, குடலில் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி இணைப்பார்கள். ஆபரேஷன் நேரம் குறைவு. ஆனால் பித்தநீர் மேலே ஏறி வர வாய்ப்பு உண்டு, குடலை அதிகமாகத் தாண்டிவிட்டால் சத்துக் குறைபாடும் அதிகம். பெயரில் 'மினி' இருப்பதால் சின்ன ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்கள். அப்படி இல்லை.

இதற்கும் மேலே குடலின் பெரும்பகுதியைத் தாண்டிவிடும் டியோடினல் ஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. எடை மிக அதிகமாகக் குறைவது அதில்தான். புரதமும் வைட்டமினும் மிக அதிகமாக வீணாவதும் அதில்தான். மிக மிக அதிக எடை உள்ளவர்களுக்கே அதைச் சொல்வார்கள்.

எதுல அதிகமா எடை குறையும்? அதையே செஞ்சுக்கிறேன்.

இந்தக் கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். அதனால் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன். விளம்பரங்களில் வரும் சதவீதம் பெரும்பாலும் மொத்த எடையில் அல்ல, 'கூடுதல் எடை'யில் கணக்கிட்டது. 160 செ.மீ. உயரமுள்ள பெண் 110 கிலோ இருக்கிறார் என்று வையுங்கள். அந்த உயரத்துக்கு 64 கிலோ இருந்தால் பி.எம்.ஐ. 25. ஆக, கூடுதல் எடை 46 கிலோ. '50 சதவீதம் குறையும்' என்றால் 55 கிலோ குறையும் என்று அர்த்தமில்லை, 23 கிலோ குறையும் என்று அர்த்தம்.

பின்லாந்தில் 240 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ஸ்லீவும் பாதிப் பேருக்கு பைபாஸும் செய்து, 10 வருடம் கவனித்தார்கள். ஸ்லீவ்பாஸ் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். 2022-ல் வந்த முடிவுப்படி ஸ்லீவில் கூடுதல் எடையில் 43.5 சதவீதமும், பைபாஸில் 51.9 சதவீதமும் குறைந்திருந்தது. மேலே சொன்ன பெண்ணுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒன்றில் 20 கிலோ, மற்றதில் 24 கிலோ. பத்து வருடம் கழித்து வித்தியாசம் நாலு கிலோதான். அந்த நாலு கிலோவை வைத்து வாழ்நாள் முடிவை எடுக்காதீர்கள்.

அப்ப எதை வச்சுத்தான் முடிவு பண்றது?

முதலில் நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறதா, அமில மாத்திரை இல்லாமல் தூக்கம் வராதா? அப்படியானால் ஸ்லீவ் உங்களுக்குச் சரிப்படாமல் போகலாம். குழாய் மாதிரி ஆன இரைப்பைக்குள் அழுத்தம் கூடி அமிலம் மேலே வரும். மேலே சொன்ன பின்லாந்து ஆய்விலேயே 10 வருடம் கழித்து எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) செய்தபோது உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கும், பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்பே எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்லிக் கேளுங்கள். 'எனக்கு அல்சர் கொஞ்சம் உண்டு, பரவாயில்லை' என்று மறைக்காதீர்கள்.

அடுத்தது வலி மாத்திரையும் புகையும். வலை இழுத்து முதுகு போனவர்கள், மூட்டு தேய்ந்த அம்மாக்கள், மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். பைபாஸ், மினி பைபாஸ் செய்தவர்கள் அந்த வகை மாத்திரையைத் தொடக்கூடாது. பையும் குடலும் இணைகிற இடத்தில் புண் வந்து, ஓட்டையே விழலாம். பீடி, சிகரெட்டும் அதேதான். விட முடியாது என்றால் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் ஸ்லீவ் பக்கம் யோசிக்கலாம், அல்லது முதலில் புகையை விட்டுவிட்டு வரச் சொல்லலாம்.

மூன்றாவது, தினமும் மாத்திரை போடுவீர்களா என்பது. எந்த ஆபரேஷனுக்கும் ஆயுள் முழுக்க சத்து மாத்திரை உண்டு. ஆனால் பைபாஸ் வகைகளில் இரும்பு, கால்சியம், பி12 குறைவது அதிகம், விட்டால் அடியும் அதிகம். பிரஷர் மாத்திரையையே வாரத்தில் பாதி நாள் மறப்பவர் என்றால் அதை நேர்மையாகக் கணக்கில் எடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

எனக்குச் சுகர்தான் பிரச்சினை. ஆபரேஷன் பண்ணினா இன்சுலினை நிறுத்திடலாமாமே?

பலருக்கு மருந்து குறைகிறது, சிலருக்கு நிற்கிறது. எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கத் தொடங்குவதும் உண்டு. சாப்பாடு சீக்கிரமாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குப் போவதால் இன்சுலினைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுவது இதற்கு ஒரு காரணம்.

ஆனால் எல்லோருக்கும் நிற்காது. அமெரிக்காவில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்து வருட முடிவு 2017-ல் வந்தது. எச்.பி.ஏ.1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், ஸ்லீவில் 23, பைபாஸில் 29. மருந்தைவிட எவ்வளவோ மேல், ஆனால் முழு வெற்றி மூன்றில் ஒருவருக்கும் குறைவு. சர்க்கரை வந்து சில வருடமே ஆனவர்களுக்குப் பலன் அதிகம். இருபது வருடமாக இன்சுலின் போடுபவர்களுக்குக் குறைவு. ஆபரேஷன் முடிந்ததும் பழைய அளவு மருந்தையே போட்டால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழுவீர்கள். அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாகவும் நிறுத்தக்கூடாது.

உயிருக்கு ஆபத்து இல்லையே? சென்னையில ஒரு பையன் இறந்துட்டான்னு நியூஸ்ல வந்துச்சே?

2024-ல் வந்த அந்தச் செய்தியைப் பற்றி இன்றைக்கும் கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம்தான். நல்ல வசதியுள்ள இடங்களில் முதல் 30 நாளில் இறப்பு ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று என்ற அளவில் இருக்கிறது. பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடக்கூடிய அளவுதான். ஆனால் இந்த எடையில் மயக்க மருந்து கொடுப்பதே தனித் திறமை. தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, இரவிலும் மயக்க மருந்து நிபுணர் இருப்பாரா, இதே ஆபரேஷனை அந்த மருத்துவர் வருடத்துக்கு எத்தனை செய்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

பலூன் வச்சாலே போதும்னு சொல்றாங்களே? வயித்துல பட்டை போடுறதுன்னும் ஒண்ணு இருக்காமே?

இரைப்பைக்குள் வைக்கும் பலூன் சுமார் ஆறு மாதம் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு எடை ஏறுவது சகஜம். பெரிய ஆபரேஷனுக்கு முன் எடையைக் கொஞ்சம் இறக்க உதவும். பட்டை என்பது இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றிப் போடும் வளையம், ஒரு காலத்தில் பிரபலம். நழுவுவது, இரைப்பைச் சுவரை அரிப்பது என்று தொல்லை வந்து பலருக்குத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது அதை யாராவது பரிந்துரைத்தால் இன்னொரு மருத்துவரையும் பாருங்கள்.

மௌன்ஜாரோ ஊசி வந்திருச்சே, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?

நல்ல கேள்வி. 2025-ல் இந்தியாவுக்கு எடை குறைப்பு ஊசிகளான மௌன்ஜாரோவும் வெகோவியும் வந்தன. ஆய்வுகளில் வெகோவியால் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதமும், மௌன்ஜாரோவின் உச்ச அளவில் சுமார் 20 சதவீதமும் குறைந்தது. பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டி இருப்பவர்களுக்கு இதை முதலில் பார்ப்பது சரிதான்.

ஆனால் ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது. வெகோவியை நிறுத்தியவர்கள் ஒரே வருடத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் போட்டார்கள். மாதாமாதம் வருடக்கணக்கில் வாங்கக் கையில் காசு இருக்குமா என்று பாருங்கள். சீசனில் சம்பாதித்து, மீன்பிடித் தடைக்காலத்தில் கடன் வாங்கும் வீட்டில், பாதியில் நிற்கும் ஊசியால் பிரயோஜனம் இல்லை. பி.எம்.ஐ. 40-க்கு மேல் இருந்தால் ஆபரேஷன்தான் இன்னும் உறுதியான வழி.

துபாய்ல இருந்து 40 நாள் லீவுல வந்திருக்கேன். முடிச்சிட்டுப் போயிரலாமா?

கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இதை அடிக்கடி கேட்கிறேன். நாள் கணக்குப்படி முடியும். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வரலாம், இரண்டு வாரத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம். ஆனால் முன்தயாரிப்பு, பரிசோதனை, கல்லீரல் சுருங்குவதற்கான இரண்டு வார உணவு எல்லாம் அந்த 40 நாளுக்குள்தான் வரும். பிறகு கேம்ப்பில் நாலு பேரோடு ஒரே சட்டியில் சமைக்கிற இடத்தில், மசித்த உணவை யார் தனியாகச் செய்து தருவார்கள்?

சாப்பாடு கெட்டியாக மாறும் ஆறு முதல் எட்டு வாரத்தை வீட்டில் கழிக்க முடிகிற லீவு கிடைக்கும்போது செய்யுங்கள். போகுமிடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்ய வழி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விமானத்தில் நீண்ட நேரம் உட்காருவது காலில் ரத்தக்கட்டு வர வழி என்பதால் எப்போது பறக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எப்பக் கடலுக்குப் போகலாம்?

நாலு முதல் ஆறு வாரத்துக்குக் கனமாக எதையும் தூக்கக்கூடாது. வலை இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் அதில் அடங்கும். அதற்குப் பிறகும் தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. இரைப்பை சிறியதாகிவிட்டதால் ஒரே மூச்சில் செம்பு நிறையக் குடிக்க முடியாது. வெயிலில் வேலை செய்துவிட்டுக் கரையில் வந்து குடித்துக்கொள்ளலாம் என்றிருந்தால் சிறுநீரகம் பாதிக்கும். படகில் பாட்டிலைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, பத்து நிமிடத்துக்கு இரண்டு மிடறு என்று பழகுங்கள். இரவு தங்கல் முதலில் வேண்டாம், காலை போய் மாலை திரும்பும் தொழிலில் ஆரம்பியுங்கள். திரும்பி வந்த அலுப்புக்குக் குடிப்பவர்கள் கவனிக்க: பைபாஸுக்குப் பிறகு மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறும், அடிமையாவதும் அதிகம்.

இனிமே பிரியாணியே கிடையாதா? என்னதான் சாப்பிடுறது?

முதல் இரண்டு வாரம் நீர் உணவு, பிறகு மசித்தது, பிறகு குழைவானது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பின்தான் சாதாரணச் சாப்பாடு. அப்போதும் முதல் வாய் புரதமாக இருக்க வேண்டும். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது கணக்கு. நம் பக்கத்தில் இது கஷ்டமே இல்லை. 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம்.

மசித்த உணவு வாரங்களில் பாறை, சீலா மாதிரி சதைப்பிடிப்பான மீனை மஞ்சள், உப்பு மட்டும் போட்டு வேகவைத்து, முள்ளெடுத்து, விரலால் உதிர்த்து, தெளிந்த ரசத்தில் கரண்டியால் மசித்துக் கொடுங்கள். நார்நாராக இருந்தால் தொண்டையில் நிற்கும், கூழாக இருந்தால் இறங்கும். கணவாயும் இறாலும் ரப்பர் மாதிரி இழுக்கும் என்பதால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்லுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கல்யாண வீட்டில் பிரியாணி வைத்தால் கறியைச் சாப்பிட்டுவிட்டு, சோறு இரண்டு வாயோடு நிறுத்துங்கள். ஒரு வருடம் கழித்து அதற்குத் தடை இல்லை. 'இன்னும் கொஞ்சம் வச்சுக்க' என்று தட்டில் போடும் சொந்தக்காரர்களிடம் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

சீனி வேண்டாம், சரி. கருப்பட்டியும் பதநீரும் இயற்கைதானே?

இயற்கைதான், ஆனால் குடலுக்கு அதுவும் சர்க்கரைதான். பைபாஸ் செய்தவர் ஒரு டம்ளர் பதநீரை மடமடவென்று குடித்தால் அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கல், பேதி என்று வரலாம். டம்பிங் என்பது இதுதான். கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்பிலும் அதே கதை. ஸ்லீவ் செய்தவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் தடையில்லாமல் உள்ளே இறங்குவதால் அவர்கள் எடை கூடுவது பெரும்பாலும் இனிப்பால்தான். இளநுங்கு கொஞ்சம் சாப்பிடலாம்.

நோன்பு வைக்கலாமா?

முதல் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வேண்டாம் என்றுதான் பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். காரணம் மேலே கடல் கேள்வியில் சொன்ன அதே தண்ணீர்ப் பிரச்சினைதான். நோன்பு திறந்த பிறகு இருக்கும் சில மணி நேரத்தில் தேவையான தண்ணீரும் புரதமும் உள்ளே போகாது. இன்சுலின் போடுபவர்கள் எப்போதும் மருத்துவரைக் கேட்டே வைக்க வேண்டும். பிறகு வைக்கும்போது, பேரீச்சம்பழம் ஒன்று, நோன்புக் கஞ்சி சிறு கிண்ணம் என்று ஆரம்பித்து, சமோசா, வடைப் பக்கம் போகாமல், இடைவெளி விட்டுச் சாப்பிடுங்கள். மாத்திரைகளை இரவுக்கும் சஹருக்கும் பிரித்துக்கொள்ளலாம்.

முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது, பயமா இருக்கு.

மூன்றாவது மாதத்துக்கு மேல் பலருக்கு வரும், எடை வேகமாகக் குறைவதால். பெரும்பாலும் சில மாதத்தில் திரும்ப வளரும். புரதம், இரும்பு, துத்தநாகம் சரியாக இருக்கிறதா பாருங்கள். ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

பொண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கிட்டிருக்கோம். அதுக்குள்ள செஞ்சிட்டா நல்லதில்லையா?

பெண்ணுக்கு நோய்க்காகத் தேவையா, மாப்பிள்ளை வீட்டுக்காகவா என்று முதலில் அவளிடமே தனியாகக் கேளுங்கள். அவள் விரும்பாமல் செய்யவே கூடாது. தேவைதான் என்றால், அதன்பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தரிக்கக்கூடாது. எடை குறையும்போது நின்ற மாதவிடாய் திரும்பி, கரு சீக்கிரம் தங்கும், அப்போது உடம்பில் சத்து இருக்காது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாமல் வேறு முறை கேளுங்கள். அதனால் இதை மறைத்துக் கல்யாணம் செய்வது பெண்ணுக்குத்தான் ஆபத்து. புகுந்த வீட்டில் முதல் வருடமே 'விசேஷம் உண்டா' என்று கேட்பார்கள், மாத்திரை எதற்கு என்றும் கேட்பார்கள்.

இன்சூரன்ஸ்ல கிடைக்குமா?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதிப்படி, 18 வயது நிறைந்து, பி.எம்.ஐ. 40 இருந்தால், அல்லது 35-ஓடு கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதய நோய் போன்றவை இருந்தால், மற்ற வழிகள் பலிக்காதபோது கிடைக்கும். மருத்துவர் சொல்லும் அளவும் இதுவும் வேறு என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது கேள்வியில் வந்த 37 உள்ளவருக்குச் சர்க்கரை இல்லாவிட்டால் காப்பீடு மறுக்கப்படலாம். காத்திருப்புக் காலமும் உண்டு, அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

நாங்க ராமேஸ்வரத்துல இருக்கோம். ராத்திரி ஏதாவது ஆனா?

மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர். அதனால் முதல் இரண்டு வாரம் மதுரையிலோ ராமநாதபுரத்திலோ உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் தங்குங்கள். நாடி 120-ஐத் தாண்டுவது, காய்ச்சல், குறையாத வயிற்று வலி, இடது தோள் வலி, மூச்சு வாங்குவது இவற்றில் எது வந்தாலும் தையலில் கசிவு இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. பைபாஸ் செய்தவருக்கு வருடங்கள் கழித்தும் திடீரென்று தாங்க முடியாத வயிற்று வலி வந்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். கேஸ் என்று சோடா குடிக்காமல் ஸ்கேன் வசதியுள்ள இடத்துக்குப் போங்கள்.

இன்னொன்று. விடாமல் வாந்தி எடுத்தால் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தயாமின் என்கிற பி1 வைட்டமின் தீர்ந்துபோன உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கும். 'இவருக்கு எடை ஆபரேஷன் ஆகியிருக்கு, முதலில் தயாமின் போடுங்க' என்று கூட இருப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி, ஆபரேஷன் பெயர், தேதியோடு பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு எடை ஏறுது. இன்னொரு ஆபரேஷன் பண்ணிக்கலாமா?

தாழ்ந்த இடத்திலிருந்து சில கிலோ ஏறுவது எல்லோருக்கும் நடக்கும். ஸ்வீடனில் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில் பைபாஸ் செய்தவர்கள் 15 வருடத்திலும் சராசரியாக ஆரம்ப எடையில் 27 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள். நிறைய ஏறினால் முதலில் ஒரு வாரம் வாய்க்குள் போவதை எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள். டீயும் பிஸ்கட்டும், மிக்சரும் பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்ளும். அதன்பின் மேலே சொன்ன ஊசிகள் உதவலாம். ஸ்லீவை பைபாஸாக மாற்றவும் முடியும். ஆனால் இரண்டாம் ஆபரேஷனில் சிக்கல் முதலதைவிட அதிகம். தாங்க முடியாத நெஞ்செரிச்சல் இருந்தால் அது நல்ல காரணம், எடை மட்டும் என்றால் நன்றாக யோசியுங்கள்.

அஞ்சு வருஷமா ஒரு தொந்தரவும் இல்ல, மாத்திரையெல்லாம் நிறுத்திட்டேன். தப்பா?

தொந்தரவு தெரியவில்லை, அவ்வளவுதான். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் சேமிப்பில் இருக்கும், அது தீரும்வரை ஒன்றும் காட்டாது. பிறகு பாதம் எரியும், மரத்துப்போகும், நடை தள்ளாடும். சர்க்கரையால் வருகிறது என்று நினைத்துவிடுவார்கள். மெட்ஃபார்மின் போடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம் குறையும். நரம்பு ஒருமுறை கெட்டால் முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

இந்த வாரமே ரத்தம் கொடுங்கள்: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், கால்சியம், வைட்டமின் டி, பாராதார்மோன், அல்புமின். ராமநாதபுரத்திலேயே கொடுக்கலாம், மதுரைக்குப் போக வேண்டியதில்லை. முடிவு வந்ததும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், எந்த மாத்திரையை எந்த அளவில் திரும்ப ஆரம்பிப்பது என்பது நீங்கள் செய்துகொண்டது ஸ்லீவா பைபாஸா என்பதைப் பொறுத்தது.